நாற்றமடிக்கும் மரத்தின் அருமருந்து

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் சிறுமரம் ஒன்று நெடுங்காலம் 'மாப்பியா ஃபோட்டிடா' என்று அழைக்கப்பட்டது. ஃபோட்டிடா என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நாற்றமடிப்பது' என்று பொருள். பூவின் வாடை அப்படி. இன்றைய பெயரான 'நோத்தபோடைட்டிஸ் நிம்மோனியானா', ஜான் கிரகாமின் பம்பாய்த் தாவரப் பட்டியலை (1839) அவர் மறைவுக்குப்பின் முடித்துத் தந்த நிம்மோவை நினைவூட்டுகிறது.

1966இல் அமெரிக்காவில் மன்ரோ வாலும், மகாராட்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை வெளியிட்டனர். 1972இல் பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அதே சேர்மம் மாப்பியாவில் இன்னும் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தனர். வாணி கடல்கடந்து தேடிய பொருள் அவர் பிறந்த மாநிலத்து மலைகளிலேயே இருந்தது.

ஆயினும் மருந்து உடனே பிறக்கவில்லை. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. அதனால் சோடிய உப்பாக மாற்றிக் கொடுத்தனர். அப்போது மூலக்கூற்றின் ஒரு வளையம் திறந்து ஆற்றல் குன்றியது. நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் குருதிக்கசிவும் ஏற்பட்டது. 1970களில் சோதனைகள் கைவிடப்பட்டன.

1985இல் அது செயல்படும் முறை தெளிவானது. டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்த டோப்போஐசோமரேஸ்-1 நொதி ஓரிழையை வெட்டி மீண்டும் ஒட்டும். கேம்ப்டோதெசின் அந்த ஒட்டுதலைத் தடுக்கிறது. படியெடுப்பு அங்கு வந்து மோதும்போது ஈரிழையும் முறிகிறது. பெருகும் செல் மடிகிறது. இவ்வறிவின் துணையோடு, நீரில் கரையும் டோப்போடெக்கான், இரினோடெக்கான் ஆகியவை உருவாயின. குழந்தைகளின் முதிராத நரம்புச் செல்களில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா மீண்டும் தலைதூக்கும்போது இவை இன்றும் பிற மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுகின்றன. எலும்பு மஜ்ஜையில் பெருகும் நலமான செல்களையும் இவை தாக்கும் என்பதால் அளவு மிக நுட்பமாக வகுக்கப்படுகிறது.

ஆய்வகக் கலத்தில் புற்றுச்செல் மடிவது ஒரு தொடக்கம் மட்டுமே என்பதற்கு இடைப்பட்ட ஆண்டுகளே சான்று. 'மூலிகை புற்றைக் கொல்லும்' என்னும் ஒற்றைவரிச் செய்தியில் கரைதிறனும் நச்சுத்தன்மையும் அளவும் மறைந்துபோகின்றன.

மறைந்துபோகும் இன்னொன்று அம்மரமே. மருந்துத் தேவைக்காக அது காடுகளில் பெருமளவு வெட்டப்பட்டது. 2005இல் சம்மு ஆய்வாளர்கள் அம்மரத்தினுள் வாழும் பூஞ்சை ஒன்றும் கேம்ப்டோதெசினைத் தருவதை வெளியிட்டதன் முதன்மை அங்குதான் உள்ளது: மரத்தை வீழ்த்தாமல் மருந்து பெறும் வழியைத் தேடுவதும் இம்மருத்துவ வரலாற்றின் பகுதியே.