பல், அண்ணம், சங்கு

பால் கல்லாவதில்லை. மடியும் காம்பும்கூட கல்லாவதில்லை. அப்புறம் எப்படி, இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே குட்டிகள் பால் குடித்திருக்கும் என்று தைரியமாகச் சொல்கிறார்கள்?

ஆத்தூரில் விடை தேடிப் பிரயோஜனமில்லை. எங்க ஊர்ப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவை உருவானபோது உலகத்தில் எலும்பு என்று ஒன்றே கிடையாது. தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரி பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். பாராபாசாரஸ் என்ற மாபெரும் டைனோசர் கிடைத்த அதே கோட்டா பாறையடுக்கிலிருந்து ஒரே ஒரு பல்லை 1981இல் பி.எம். தத்தா விவரித்தார். பெயர் கோட்டாதீரியம். இந்தியாவின் முதல் ஜுராசிக் பாலூட்டி. இந்த மாதிரிப் பற்கள் குருணை அளவுதான் இருக்கும். சேகோ ஃபேக்டரியில் கிழங்கு மாவைக் கரைத்து வடிகட்டுகிற மாதிரி, மூட்டை மூட்டையாக மண்ணைக் கரைத்துச் சலித்துத்தான் தேடுவார்கள்.

ஒற்றைப் பல்லை நம்புவதில் ஆபத்தும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் கிடைத்த திக்கிதீரியத்தை 2005இல் ட்ரயாசிக் காலத்தது என்றார்கள். 2024இல் இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள், அது வெகு பிற்காலத்து மூஞ்சூறின் பல் என்று எழுதிவிட்டார்கள்!

சரி, பல்லுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? பல்லிக்கும் முதலைக்கும் பல் விழுந்து விழுந்து முளைக்கும். முட்டையை விட்டு வந்தபின் தானாகத்தான் இரை பிடித்தாகணும். நமக்கு இரண்டே செட். மேல்பல்லும் கீழ்பல்லும் அச்சாகப் பொருந்த வேண்டுமானால், தாடை முக்கால்வாசி வளர்ந்த பிறகுதான் நிலைப்பல் வரணும். அதுவரை மெல்லாமல் வளர வழி? பால். வேல்ஸில் கிடைத்த, சுமார் 20 கோடி ஆண்டுப் பழைய மார்கனுகோடானுக்கும் இதே இரண்டு செட்தான்.

ஆனால் பால் இருந்தால் போதுமா, உறிஞ்சத் தெரியணுமே. என் அக்கா மகன் அண்ணப்பிளவோடு பிறந்தவன். மாரில் பால் கட்டிக்கொண்டு அக்கா அழுவாள், அவன் பசியில் அழுவான். உறிஞ்ச வேண்டுமானால் வாய்க்குள் காற்று புகாமல் அடைபட வேண்டும்; மேலே பிளவு இருந்தால் மூக்கு வழியாகக் காற்று வந்துவிடும். அம்மாதான் பாலைக் கறந்து, சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பதினோராம் மாதம் ஆபரேஷன் ஆனது.

அந்த அண்ணம் பாலுக்காக வந்ததே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பாலூட்டிகளுக்கு முந்தைய சைனோடான்ட்களுக்கே எலும்பு அண்ணம் உண்டு. அதே கோதாவரிப் பள்ளத்தாக்கின் மாலேரி அடுக்கில் கிடைத்த எக்ஸேரெடோடான் அந்த வகைதான். வாய் நிறைய மென்றுகொண்டே மூச்சு விட அது உதவியிருக்கும்.

தொண்டைக்கு இன்னொன்று தேவைப்பட்டது: நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பு. 2019இல், உள் மங்கோலியாவில் கிடைத்த மைக்ரோடோகோடானின் புதைபடிவத்தில் அது முழுசாக இருந்தது. 16.5 கோடி ஆண்டுப் பழசு. ஊர்வன மாதிரி வெறும் குச்சியாக இல்லாமல், நம்முடையதைப் போல மூட்டு மூட்டாக வளைந்து கொடுப்பது. உறிஞ்சவும், மென்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவும் தோதானது.

காம்பு மட்டும் எல்லாருக்கும் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் இன்றும் முட்டையிடுகிறது. அதன் குட்டிகள் தாயின் வயிற்று ரோமத்தில் கசியும் பாலை நக்கித்தான் குடிக்கின்றன.