மேடையேறிய துயரம்: ‘கடைசிப் பேரரசி’ இசைநாடகமும் கொரிய வரலாறும்

முன்னுரை

ஒரு நாட்டின் பேரவலம் ஆடல் பாடலுடன் மேடையேறும்போது அத்துயரத்திற்கு உரிய நீதி கிட்டுகின்றதா என்பது எளிதில் விடை காண இயலாத வினாவாகும். கொரிய அரசி மியோங்சோங்கின் படுகொலையைப் பாடுபொருளாகக் கொண்ட ‘கடைசிப் பேரரசி’ என்னும் இசைநாடகத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கின்றது. யி முன்-யோலின் படைப்பைத் தழுவி, யூன் ஹோ-ஜின் இயக்கத்தில் 1995ஆம் ஆண்டின் இறுதியில் சியோலில் அரங்கேறிய இந்நாடகம், 1997இல் நியூயார்க்கிலும் 2002இல் லண்டனிலும் மேடையேற்றப்பட்டது.

துயரத்தை அளக்க நம்மிடம் பழமையானதோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுவார். பிறரால் எளியராக்கப்படுதல், உயிரும் உரிமையும் இழத்தல், பண்டைய நிலையினின்று வீழ்தல், இல்லாமையால் வாடுதல் என இவற்றை விளக்கலாம். கொரிய அவலத்தில் இந்நான்குமே உள்ளன.

வரலாறு

1895 அக்டோபர் 8ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானியக் கும்பலொன்று கியோங்போக்குங் அரண்மனைக்குள் புகுந்து அரசியைக் கொன்றது. இதற்குத் திட்டம் வகுத்தவர் ஜப்பானியத் தூதர் மியுரா கோரோ. அரசியின் உடல் அரண்மனை வளாகத்திலேயே எரிக்கப்பட்டது. இரண்டே நாளில் அரசர் கோஜோங்கின் பெயரால் வெளிவந்த ஆணையொன்று, மாண்ட அரசியைச் சாதாரணக் குடிமகளாகத் தாழ்த்தியது. 1896 ஜனவரியில் ஹிரோஷிமா நீதிமன்றம், போதிய சான்றில்லை எனக் கூறி மியுராவையும் அவருடன் குற்றஞ்சாட்டப்பட்டோரையும் விடுவித்தது. 1910இல் கொரியா ஜப்பானுடன் இணைக்கப்பட்டது.

மேடை வழங்கிய நீதி

அரசியினுடையது என ஐயமின்றி உறுதிசெய்யப்பட்ட ஒளிப்படம் எதுவும் இல்லை. உடலும் எரிக்கப்பட்டது; வழக்கும் கைவிடப்பட்டது. முகமற்றுப் போன ஒருவருக்கு முகத்தையும் குரலையும் அளித்தது இந்நாடகத்தின் முதற்பெரும் பணி எனலாம். அது அரங்கேறிய காலமும் கருதத்தக்கது. படுகொலையின் நூற்றாண்டு நிறைந்த அதே 1995இல்தான், அவ்வரண்மனையின் முன்பகுதியை மறைத்து நின்ற ஜப்பானிய ஆளுநரகக் கட்டடத்தை இடிக்கும் பணி ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. நூறாண்டுக் காலம் அழ இடமின்றி இருந்த ஒரு மக்களுக்கு அரங்கம் அவ்விடத்தைத் தந்தது. இளிவு, இழவு, அசைவு ஆகிய மூன்றையும் இசை முழுமையாக உணர்த்தியது என்பதில் ஐயமில்லை.

மேடை மறைத்தவை

ஆயினும், உணர்ச்சியின் வேகத்தில் சில உண்மைகள் பின்தள்ளப்பட்டன. மியோங்சோங் வாழ்ந்த காலத்தில் அரசியாகவே இருந்தார். பேரரசிப் பட்டம் 1897இல், இறப்பிற்குப் பின்னர் வழங்கப்பட்டது. கொரியாவின் கடைசிப் பேரரசி, 1966 வரை வாழ்ந்த, சுன்ஜோங் பேரரசரின் துணைவியாரே ஆவார். எனவே, அயல்நாட்டு மேடைக்கென ஆங்கிலத்தில் சூட்டப்பட்ட தலைப்பே வரலாற்றோடு முரண்படுகின்றது.

தொடக்ககாலத் தயாரிப்பில் 1945இன் ஹிரோஷிமா அணுகுண்டுக் காட்சியை அடுத்து 1896இன் ஹிரோஷிமா நீதிமன்றம் காட்டப்பட்டது. தவறிய தீர்ப்பிற்கு வானிலிருந்து விழுந்த தண்டனை என்னும் எண்ணத்தை இவ்வமைப்பு பார்வையாளரிடம் எழுப்பக்கூடும். அக்குண்டிற்குப் பலியானோரில் பல்லாயிரம் கொரியரும் அடங்குவர் என்பதை நினைந்தால், அவ்வெண்ணம் கொரியத் துயரத்திற்கே இழைக்கும் அநீதியாகிவிடுகின்றது. மேலும், படுகொலை நாளில் ஜப்பானியப் பயிற்சி பெற்ற கொரியப் படையினரும் கொலையாளிகளோடு சென்றனர். அயலாரின் கொடுமையைப் பாடுவது எளிது. தம்மவரின் உடந்தையைப் பாடுவது அரிது.

நான்காம் கூறாகிய வறுமையே இங்குப் பெரிதும் விடுபட்டது. நாடகத்தின் இறுதியில் மாண்ட அரசி எழுந்து, ஜோசோன் மக்களை எழுச்சி கொள்ளுமாறு அழைக்கின்றார். அரங்கை உருக்கும் காட்சி அது. ஆனால், மக்கள் ஏற்கெனவே எழுந்திருந்தனர். 1894இல் வரிச்சுமையாலும் அதிகாரிகளின் ஊழலாலும் நலிந்த உழவர்கள் தோங்ஹாக் இயக்கத்தின்கீழ்க் கிளர்ந்தபோது, அரசியின் மின் குலத்தார் செல்வாக்குப் பெற்றிருந்த அரசவை சீனப் படையின் உதவியை நாடியது. அதனைக் காரணம் காட்டி ஜப்பானும் படை அனுப்பியது. அவ்வாண்டின் இறுதியில் ஊகும்சியில் அரசுப் படையும் ஜப்பானியப் படையும் இணைந்தே அவ்வுழவர்களை வீழ்த்தின. அரசியைக் கொன்ற வல்லாதிக்கத்திற்கு வழி திறந்த இந்நிகழ்வை நாடகம் தன் மையத்தில் வைக்கவில்லை. எழுக என்னும் அழைப்பு, எழுந்து மடிந்தவர்களின் பெயரைச் சொல்லாமலே ஒலிக்கின்றது.

முடிவுரை

இந்நாடகம் ஓர் அரசியின் துயரத்திற்கு நீதி செய்துள்ளது; ஒரு நாட்டின் துயரத்திற்குச் செய்த நீதியோ குறையுடையது. இக்குறை இசைநாடகம் என்னும் வடிவத்தின் குறையன்று. தனிமனிதக் குரலைப் போலவே குழுப்பாடலும் அவ்வடிவத்தின் உறுப்பாதலின், உழவர்களின் குரலுக்கும் அதில் இடமுண்டு. அழுகை தன் நான்கு நிலைகளையும் கடக்கும் முன்னரே பெருமிதமாக மாற்றப்பட்டதே குறைக்குக் காரணமாகும். யாருக்காக அழுகின்றோம் என்பதோடு, யாரை அழாமல் விட்டோம் என்பதையும் பார்வையாளரைக் கேட்கவைக்கும் படைப்பே தேசிய அவலத்திற்கு முழுநீதி செய்ததாகும்.