குடத்துக்குள் யார் பெயர்?

"சார், என் பேரு அதுல இருக்கா?"

சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரப் போய்க்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டால் எப்போதும் அதே ஐந்து கைகள்தான் உயரும். நான் படித்த காலத்தில் கை தூக்காத கூட்டத்தில் இருந்தவன் என்பதால், மீதிப் பிள்ளைகளின் குனிந்த தலைகள் எனக்கு நன்றாகவே புரிந்தன. மென்பொருள்காரன் புத்தி எங்கே போகும்? 40 பெயர்களைப் போட்டு போனில் பத்து வரி நிரல் எழுதினேன். தட்டினால் ஏதோ ஒரு பெயர் வரும். வந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இருக்கும்மா, கம்ப்யூட்டர் ஆள் பார்த்து எடுக்காது" என்று சொல்லிவிட்டு, பெருமையாக நிகழ்தகவு பாடமும் எடுத்தேன். வந்த பெயரை நீக்காமல் 40 பெயர்களில் இருந்து 40 முறை எடுத்தாலும், சராசரியாக 14, 15 பேர் பெயர் ஒரு தடவைகூட வந்திருக்காது. அதுதான் குலுக்கலின் இயல்பு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

குலுக்கல் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். பாடப்புத்தகத்தில் 'குடவோலை முறை' என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துக் கடந்திருப்போம். கல்வெட்டின் விவரங்களுக்குள் போனால், அது அசந்துபோகும் அளவுக்கு நுணுக்கமான ஒரு வடிவமைப்பு.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், ஊர்ச்சபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முதல் விதி இரண்டே வருடத்தில் திருத்தப்பட்டிருக்கிறது. உதாரணமாக, 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, மாற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதைத்தான் அடுத்த பதிப்பு என்போம்.

ஊரில் 30 குடும்புகள், இன்றைய வார்டுகள் மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சிறுவரும் பெரியவருமாகச் சபை முழுக்கக் கூடியிருக்கும். அர்ச்சகர்களில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியதும், அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்துத் தருவான். மத்யஸ்தன் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து மாற்ற முடியாது, பாருங்கள். அவர் படித்த பிறகு, அங்கே இருக்கும் அர்ச்சகர்கள் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். இப்படி 30 பேர். அவர்களைக் கொண்டு ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 என்று அமைப்பார்கள். பதவி 360 நாள்.

இதில் எனக்குப் பிடித்தது இன்னும் இரண்டு விதிகள். முந்தைய மூன்று வருடங்களில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் விழாது. அதாவது, வெறும் அதிர்ஷ்டம் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்பச் சீட்டு விழக்கூடும். அதனால் ஓய்வு விதி. ஒரே பகுதிக்கே எல்லாம் போய்விடக்கூடும். அதனால் குடும்புக்கு ஒன்று. என் பத்து வரி நிரலில் இது எதுவுமே இல்லை.

ஏதென்ஸ்காரர்களும் இதற்கு முன்பே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். 10 குலங்கள், குலத்துக்கு 50 பேர் என்று 500 பேர் கொண்ட மன்றத்தைச் சீட்டுப் போட்டே நிரப்பினார்கள். நீதிமன்ற நடுவர்களை எடுக்கக் கல்லில் ஒரு பொறியே வைத்திருந்தார்கள். வரிசை வரிசையான பிளவுகளில் பெயர்ப் பட்டைகளைச் செருகி, பக்கத்துக் குழாய் வழியாகக் கறுப்பு, வெள்ளைக் காய்களை விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இரண்டு ஊர்களிலும் குலுக்கலுக்கு முன்பே ஒரு தேர்வு முடிந்துவிட்டது. ஏதென்ஸில் பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெயர் பட்டையிலேயே ஏறாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். சபை பிராமண ஆண்களுடையது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும். ஏரியில் மண் சுமந்தவர் பெயர் ஏரி வாரியக் குடத்தில் விழ வழியே இல்லை. விரல்களை விரித்துக் காட்டிய அந்த நேர்மை பொய்யில்லை. ஆனால் அது குடத்தின் வாயிலிருந்துதான் தொடங்கியது.

இதை எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். நான்காவது வாரம் அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலில் தேடினேன். இல்லை. அவள் வருட நடுவில் சேர்ந்தவள். நான் பழைய வருகைப் பட்டியலை அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். வகுப்பில் இருந்தது 41 பேர். மூன்று வாரமாக அவள் வராத பெயருக்குக் காத்திருந்திருக்கிறாள். கேட்டபோது நான் நிகழ்தகவு சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

குலுக்கலில் எனக்குப் பயம் தருவது இதுதான். விடுபட்டவருக்கு, தன் பெயர் இன்னும் வரவில்லையா, உள்ளேயே இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. வாத்தியார் பாரபட்சம் பார்த்தால் அவர் மீது கோபப்படலாம். எண்ணின் மீது யார் கோபப்படுவது? குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் குடம் என் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த வாரம் அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். போனை உள்ளே வைத்தேன். ஒரு எவர்சில்வர் சொம்பு, 41 சீட்டுகள். அவரவர் பெயரை அவரவரே எழுதி, அவரவரே போட வேண்டும். எடுப்பதும் ஒரு பிள்ளைதான். வந்த சீட்டு அன்றைக்கு வெளியே இருக்கும். அடுத்த வாரம் எல்லாம் உள்ளே. பெயர் வந்ததும் பதிலுக்கு அவசரப்படுத்துவதில்லை. ஆசிரியர்கள் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் சீட்டு இரண்டு வாரம் கழித்து வந்தது. எழுந்து நின்றாள். மனதுக்குள் மூன்று எண்ணினேன், பிறகு ஐந்து. "பாதிதான் தெரியும் சார்" என்றாள்.

"பாதியச் சொல்லும்மா" என்றேன்.