எபிசோட் 41: பிகினி லகூனில் டைவ் பண்ணலாமா?

இந்த எபிசோட் ஒரு எக்ஸெல் ஷீட்ல ஆரம்பிச்சது. அந்தமானில் ஸ்கூபா கத்துக்கிட்ட நாங்க நாலு பேர், அடுத்து எங்கே போகலாம்னு ஒரு பட்டியல் போட்டோம். இடம், போகும் வழி, ஆழம், செலவு என்று நாலு காலம். அதில் நான் சேர்த்த பெயர் பிகினி. ஆமா, நீச்சல் உடைக்குப் பெயர் கொடுத்த அதே பிகினிதான்.

பசிபிக் நடுவில் மார்ஷல் தீவுகள்னு ஒரு நாடு இருக்கு. 29 பவள வளையங்கள், 5 தனித் தீவுகள். அதன் வடக்குப் பக்கம் இருக்கும் ஒரு வளையம்தான் பிகினி. சுற்றி 23 குட்டித் தீவுகள், நடுவில் கிட்டத்தட்ட 600 சதுர கிலோமீட்டர் லகூன். போகும் வழியைத் தேடினேன். ஹோனலூலுவிலிருந்து தீவு தீவாக இறங்கி ஏறும் விமானத்தில் குவாஜலீன் வரை போகணும். அது அமெரிக்க ராணுவத் தளம். அங்கிருந்து டைவிங் கப்பலில் ஒரு நாளுக்கும் மேல் கடல் பயணம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போகணும்? லகூனின் அடியில் சரடோகா நிற்கிறது. 270 மீட்டர் நீளமான அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல், டைட்டானிக்கை விடக் கொஞ்சம் நீளம். பக்கத்திலேயே ஜப்பானின் நகாடோ தலைகீழாகக் கிடக்கிறது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தப்போ அட்மிரல் யமமோட்டோவின் தலைமைக் கப்பல் அதுதான். எதிரெதிராகப் போரிட்ட ரெண்டு கடற்படைகளின் கப்பல்கள் ஒரே இடத்தில் மூழ்கியிருக்கு. ஆனா அங்கே ஒரு கடற்போரும் நடக்கலை. அப்போ எப்படி? இந்தக் கேள்விக்குப் பிறகு எக்ஸெல் ஷீட்டை மூடிட்டு வரலாறு படிக்க ஆரம்பிச்சேன்.

1946 பிப்ரவரி. உலகப் போர் முடிஞ்சு ஆறு மாசம்கூட ஆகலை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிஞ்ச கையோடு பிகினி மக்களைக் கூட்டிப் பேசினார். மனித குலத்தின் நன்மைக்காகவும், இனிப் போர்களே இல்லாமல் செய்வதற்காகவும் இந்தத் தீவைத் தற்காலிகமாக விட்டுத் தர முடியுமான்னு கேட்டார். தலைவர் ஜூடாவும் மக்களும் எல்லாம் கடவுள் கையில் என்று சொல்லி ஒத்துக்கிட்டாங்க. வீட்டைச் சுற்றி ராணுவம் நிற்கும்போது கேட்கிற கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? மார்ச் மாதம் 167 பேரும் கப்பலேறினாங்க.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 95 கப்பல்களை லகூனில் நிறுத்தினாங்க. ஜூலை 1 அன்று முதல் குண்டு, வானத்தில் வெடித்தது. அஞ்சு கப்பல் மூழ்கியது. நாலு நாள் கழித்து பாரிஸில் லூயி ரெயார் தன்னுடைய புது நீச்சல் உடையை இந்தப் பெயரில் அறிமுகப்படுத்தினார். ஜூலை 25 அன்று ரெண்டாவது குண்டு, தண்ணீருக்கு அடியில். சரடோகா சில மணி நேரத்தில் மூழ்கியது, நகாடோ சில நாள் தாங்கியது. மிதந்த கப்பல்களை மாலுமிகள் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாங்க. கதிரியக்கம் போகலை. மூன்றாவது வெடிப்பையே ரத்து பண்ணிட்டாங்க.

இந்தப் பக்கம் பிகினி மக்கள் ரொங்கெரிக் என்ற தீவில். போதுமான உணவு இல்லை, பட்டினி. 1948-இல் குவாஜலீனில், விமான ஓடுபாதை ஓரம் கூடாரங்களில். அதே வருஷம் கிலி என்ற தீவுக்கு. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு, லகூனும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக லகூனில் மீன் பிடித்தவங்களுக்குச் சுற்றிலும் திறந்த கடல். அலை கூடும் மாதங்களில் படகே இறக்க முடியாது.

1954 மார்ச் 1, காஸில் பிராவோ. எஞ்சினியராக எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான். 6 மெகாடன் எதிர்பார்த்தாங்க, வெடித்தது 15. எரிபொருளில் இருந்த லித்தியம்-7 சும்மா இருக்கும்னு கணக்கு போட்டிருந்தாங்க, அது சும்மா இருக்கலை. நாமும் கோடில் இது நடக்காதுன்னு நினைத்து எத்தனை கண்டிஷனை விட்டிருப்போம்? நம்ம தப்புக்கு சர்வர் விழும். அவங்க தப்புக்கு ரொங்கெலாப் மக்கள் மேல் வெள்ளைச் சாம்பல் விழுந்தது. 23 பேர் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேலும் விழுந்தது. 1958 வரை பிகினியில் மட்டும் 23 சோதனைகள்.

1968-இல் ஜனாதிபதி ஜான்சன், திரும்பிப் போகலாம்னு அறிவித்தார். சில குடும்பங்கள் போனாங்க, வீடு கட்டினாங்க, இளநீர் குடிச்சாங்க. பிரச்சினை அந்த இளநீரில்தான் இருந்தது. பவள மண்ணில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு. சீசியம்-137 வேதியியல் ரீதியாகப் பொட்டாசியம் மாதிரிதான். மரம் வித்தியாசம் தெரியாமல் அதை உறிஞ்சி தேங்காயில் ஏற்றியது. மக்களின் உடலில் அளவு ஏறிக்கொண்டே போக, 1978-இல் மறுபடியும் எல்லாரையும் வெளியேற்றினாங்க.

இப்போ டைவிங்குக்கு வருவோம். நம்ம கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் உடலில் கரைந்த நைட்ரஜனைக் கணக்கு பண்ணும். பல கம்ப்யூட்டர்களில் இருக்கும் பூல்மான் மாடலில் 16 கற்பனைத் திசுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதி நேரம். மிக மெதுவானதுக்கு 635 நிமிஷம். சீசியத்துக்கும் பாதி நேரம் உண்டு, 30 வருஷம். ஃபார்முலா ஒண்ணேதான். நான் மேலே வந்து ஒரு நாள் காத்திருந்தால் விமானம் ஏறிடலாம். பிகினிக்காரர் 1946-லிருந்து காத்திருக்கார்.

அங்கே தண்ணீரில் இறங்குவதில் ஆபத்து இல்லை. அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு வாழ்வதில்தான் ஆபத்து. அதாவது ஒரு வாரம் வரும் விருந்தாளிக்கு அந்த இடம் பாதுகாப்பானது, சொந்தக்காரருக்கு இல்லை. இது தெரிஞ்சதும் பட்டியலிலிருந்து எடுத்துடலாம்னு நினைச்சேன். ஆனா 1996-இல் டைவிங்கைத் தொடங்கியதே பிகினி மக்களின் உள்ளாட்சிதான்னு படிச்சேன். மற்றவங்க அங்கே மூழ்கடிச்ச கப்பல்களை வைத்து அவங்களே ஒரு வருமானம் தேடினாங்க. போகக் கூடாதுன்னு நான் அவங்க சார்பில் முடிவு பண்ணினால், அவங்களுக்காக முடிவெடுத்த இன்னொரு வெளியாள் ஆகிடுவேன், இல்லையா?

அதனால் பெயர் பட்டியலில் இருக்கு. ஆனா சரடோகா நிற்கும் தரை 50 மீட்டருக்கும் கீழே, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. என் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். டெக்னிக்கல் டைவிங் பயிற்சிக்கே சில வருஷம் ஆகும். ஷீட்டில் அஞ்சாவதாக ஒரு காலம் சேர்த்திருக்கேன்: யாருடைய வீடு? மற்ற இடங்களுக்கும் அதை நிரப்ப ஆரம்பிச்சேன், ஒண்ணுகூடக் காலியாக இல்லை. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.