ஏடும் படச்சுருளும்

நல்ல நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் உண்டு. நல்ல திரைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவரும் உண்டு. முதல் முறை கதை இழுத்துச் செல்கிறது; மறுமுறைதான் கதையை ஆக்கிய கை கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வகையில் இரண்டு இன்பங்களும் ஒன்றே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சேறிய நூல் ஆயிரம் படிகளாகப் பல வீடுகளில் பரவிக் கிடக்கும். ஒன்று அழிந்தால் மற்றொன்று எஞ்சும். திரைப்படமோ, ஒளிநாடாவும் குறுந்தகடும் வருவதற்கு முன்பு, ஒரு நெகடிவையும் விரல்விட்டு எண்ணத்தக்க சில பிரதிகளையும் நம்பியே வாழ்ந்தது. ஆகவே, மீண்டும் மீண்டும் பார்க்கத் தக்கவை என இன்று போற்றப்படும் பழம்படங்கள் யாவும் சிறந்தவை மட்டுமல்ல, பிழைத்தவையும் ஆகும். அவை பிழைத்த கதை இலக்கிய அன்பர்களுக்கு முற்றிலும் புதியதன்று. ஓலைச்சுவடியின் கதையே அங்கு வேறு வடிவில் நிகழ்ந்திருக்கிறது.

மறுபார்வை என்ன தரும் என்பதற்கு, 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ ஒன்றே போதும். விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயரின் நாவலைத் தழுவிய இப்படத்தில், அண்டை வீட்டுப் பாசிமணி மாலையைத் திருடியதாகச் சிறுமி துர்கா மீது பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள், தாய் அவளை அடித்து வெளியே தள்ளுகிறாள். பின்னர் மழையில் நனைந்து காய்ச்சலுற்று துர்கா இறந்துபோகிறாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் நாளில், பரண் பொருள்களுக்கிடையே ஒரு கொட்டாங்கச்சிக்குள் அந்த மாலையைத் தம்பி அபு காண்கிறான். ஒருவரிடமும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல வந்து மூடிக்கொள்கிறது.

முதல் முறை பார்ப்பவர் துர்காவின் மறுப்பை நம்புகிறார். இரண்டாம் முறை, அவள் பொய் சொல்கிறாள் என்பதை அறிந்தே அதே காட்சியைப் பார்க்கிறார். ஆனால் அவள் மீது கோபம் வருவதில்லை, இரக்கம்தான் பெருகுகிறது. ஒரு பாசிமணி மாலைக்கு ஏங்கிய குழந்தையின் வறுமை அப்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது. படத்தில் ஒரு சட்டமும் மாறவில்லை. பார்ப்பவரின் அறிவு மாறியிருக்கிறது. கவிதையில் இறுதி அடி முதல் அடிக்குப் புதுப்பொருள் ஏற்றுவதைப் போன்றது இது.

இத்தகைய படமும் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்டதே. 1992இல் ராய்க்கு ஆஸ்கார் சிறப்பு விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். அவருடைய படங்களைப் பாதுகாக்கும் பொருட்டு அவற்றின் நெகடிவ்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1993இல் அங்கிருந்த படக்கூடத்தில் தீ மூண்டு அவை கருகின. காக்க அனுப்பிய இடமே எரிந்தது. ஆயினும் கருகிய சுருள்களை எவரும் குப்பையில் எறியவில்லை. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஆவணக் காப்பகம் அவற்றை அப்படியே எடுத்து வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யா நகர வல்லுநர்கள், காய்ந்து நொறுங்கும் நிலையிலிருந்த சுருள்களுக்கு ஈரமூட்டி, சிதைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சீர்செய்தனர். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறத்தாழ 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீட்கப்பட்டன. எஞ்சிய பகுதிகள் பல நாட்டுக் காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டன. 1955 மே மாதம் இப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்ட நியூயார்க் நவீனக் கலைக்கூடத்திலேயே, அறுபது ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதம் புத்துருப் பெற்ற படம் திரையிடப்பட்டது.

சுவடிப் பதிப்பை அறிந்தவர்க்கு இம்முறை விளங்காமற் போகாது. ஒரு சுவடியில் சிதைந்த இடத்தை மற்றொரு சுவடி கொண்டு நிரப்பிப் பாடம் கண்ட உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார். ஏட்டைச் செல்லும் நெருப்பும் ஆற்று வெள்ளமும் கொண்டுபோயின. படச்சுருளுக்கும் அதற்கே உரிய பகைகள் இருந்தன. 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான படங்கள் நைட்ரேட் சுருளில் பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். வெப்பத்தில் பிசுபிசுத்து, இறுதியில் பொடியாகும். அதிலிருந்த வெள்ளி மற்றொரு பகை. ஓடி முடிந்த படங்களின் சுருள்கள் வெள்ளிக்காகக் கழுவப்பட்டன. படம் வணிகச் சரக்காக இருந்தவரை, விலைபோகாத சரக்கைச் சேர்த்து வைப்பது வீண் செலவாகவே தோன்றியது.

இவற்றினும் நுட்பமான பகை ஒன்று உண்டு. அது ரசிகரின் அன்பு. நகரத்து அரங்கிலிருந்து சிற்றூரின் டூரிங் கொட்டகை வரை ஒரே பிரதி ஊர் ஊராகச் சென்றது. ஒவ்வோர் ஓட்டத்திலும் கீறல் விழுந்தது. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டியபோதெல்லாம் சில சட்டங்கள் குறைந்தன. மக்கள் எந்தப் படத்தை மிகுதியாக விரும்பினார்களோ அந்தப் படத்தின் பிரதியே மிகுதியாகத் தேய்ந்தது.

1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்ட ‘காளிதாஸ்’, தமிழ் ஒலித்த முதல் பேசும்படம். எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.ராஜலட்சுமி நடித்தார். மதுரகவி பாஸ்கரதாஸ் பாடல்கள் இயற்றினார். இராட்டினத்தின் சிறப்பைக் கூறும் தேசியப் பாடலும் அதில் இடம்பெற்றது. அப்படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. ‘சுதேசமித்திரன்’ போன்ற இதழ்க் குறிப்புகளையும் நிழற்படங்களையும் கொண்டே அதை அறிய வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் வெளிவந்த, இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வுக்கும் இதே கதி நேர்ந்தது. அதற்கும் முன்பு நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படமும் மறைந்துபோயிற்று.

இவற்றுக்கு நேர்மாறானது ‘மார்த்தாண்ட வர்மா’வின் வரலாறு. சி.வி.இராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி.ராவ் இயக்கிய ஊமைப்படம் அது, 1933இல் வெளிவந்தது. வெளியான சின்னாட்களிலேயே நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டது, பிரதி பதிப்பகத்தாரின் வசமாயிற்று. தயாரிப்பாளர்க்கு அது பேரிழப்பு. ஆனால் கொட்டகை கொட்டகையாகச் சுற்றித் தேயாமலும் வெள்ளிக்காகக் கழுவப்படாமலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அப்பிரதி, 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. தென்னகத்து ஊமைப்பட மரபைக் கண்ணால் காண இன்று கிடைக்கும் அரிய சான்று அதுவே. மக்கள் கொண்டாடிய ‘காளிதாஸ்’ மறைந்தது. எவரும் பார்க்க முடியாமற்போன ‘மார்த்தாண்ட வர்மா’ எஞ்சியது.

விபத்தாக எஞ்சியதை முறையாகச் சேர்க்கும் பணி 1964இல் புனேயில் அக்காப்பகம் நிறுவப்பட்டதோடு தொடங்கியது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் பி.கே.நாயர். 1991இல் ஓய்வு பெறும் வரை ஊர் ஊராகச் சென்று பரண்களிலும் கிடங்குகளிலும் கிடந்த சுருள்களைத் தேடினார். தாதாசாகேப் பால்கேயின் படங்களில் எஞ்சியவற்றை நாசிக்கிலிருந்த அவர் குடும்பத்தாரிடமிருந்து பெற்றுக் காப்பகத்தில் சேர்த்தார். நல்ல படம், மோசமான படம் என்று பிரித்துச் சேர்ப்பது காப்பாளர் வேலையன்று என்பது அவர் கொள்கை. இன்றைய சுவை நாளைய வரலாற்றுக்கு நீதிபதி ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அத்தகைய உழைப்புக்குப் பின்னும் 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீக்கிரையாயிற்று. நாயர் 2016இல் மறைந்தார். 2022இல் அக்காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

இழப்புகளுக்கிடையே மீட்சியும் நிகழ்ந்தது. உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’ என்னும் நாட்டியப்படம் செம்மைசெய்யப்பட்டு, 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. நெடுங்காலம் நூல்களில் பெயராக மட்டும் வாழ்ந்த படத்தை ஒரு புதிய தலைமுறை கண்ணாரக் கண்டது.

இன்று எந்தப் பழம்படத்தையும் கைப்பேசியில் நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்ற மயக்கம் நிலவுகிறது. கணினிக் கோப்பும் காலத்துக்கேற்பப் படியெடுக்கப்படாவிட்டால் படிக்க இயலாததாகும். அன்று ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் செய்த வேலையை இன்றும் ஒருவர் செய்தாக வேண்டும். அரசும் பெருநிறுவனங்களும் செய்யத்தக்கது ஒரு பகுதி. பழைய பாட்டுப் புத்தகங்கள், திரையிதழ்கள், சுவரொட்டிகள், விளம்பரத் தாள்கள் ஆகியவற்றைத் திரட்டிக் காப்பது இலக்கிய அமைப்புகளால் இயலும் பகுதி. படமே அழிந்த இடத்தில் அத்தாள்களே சான்றாக நிற்கும். ஆண்டுக்கு ஒரு பழம்படத்தையேனும் கூடியிருந்து பார்த்து, கவிதையை ஆய்வதைப் போலக் காட்சி காட்சியாக ஆய்வதும் அவற்றால் இயலும். எது காக்கத் தக்கது என்ற கேள்வி அத்தகைய அவைகளில்தான் எழும். கேட்பார் இருந்த ஏடுகளே அன்று அச்சேறின. கேட்பார் இருக்கும் படங்களே இனியும் பிழைக்கும்.