கட்டணப் பட்டியலில் இல்லாத அழைப்பு: இந்தியாவில் ‘மிஸ்டு கால்’ வரலாறு

இந்தியக் கைபேசியின் வரலாறு பெரும்பாலும் எண்ணிக்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. வழங்கப்பட்ட உரிமங்கள் எத்தனை, சந்தாதாரர்கள் எத்தனை கோடி, ஒருவர் மாதத்திற்குப் பேசிய நிமிடங்கள் எத்தனை என்பனவே அதன் முதன்மைச் சான்றுகள். பேச்சு நிமிடங்கள் குறித்த சான்றுகளுள் பெரும்பகுதி கட்டணக் கணக்கிலிருந்து பெறப்பட்டது. ஆயினும், 2000களில் எளிய மக்கள் கைபேசியைக் கையாண்ட முறைகளுள் மிகப் பரவலான ஒன்று அக்கணக்கிற்கு முற்றிலும் வெளியே நின்றது. எதிர்முனையில் மணி ஒலித்ததும் எடுப்பதற்குள் துண்டித்துவிடும் ‘மிஸ்டு கால்’ என்னும் வழக்கமே அது.

இவ்வழக்கம் தோன்றுவதற்கான முதற்காரணம் விலை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது நாட்டின் முதல் கைபேசி உரையாடலாகக் குறிக்கப்படுகிறது. அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் வரை ஆனது. அழைத்தவர் மட்டுமின்றி, அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைப்புக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்ததும், அழைப்பவரே செலுத்தும் முறை நிலைபெற்றது. வரும் அழைப்புகள் இலவசமாயின. கையில் பணமில்லாதவரும் கைபேசி வைத்திருக்கலாம் என்னும் நிலை அப்போதுதான் உருவாயிற்று. 2004 அக்டோபரில் கைபேசி இணைப்புகள் கம்பிவழித் தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கையைக் கடந்தன.

இரண்டாவது காரணம் கருவி. வீட்டுத் தொலைபேசியிலும் எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெரும்பாலான இணைப்புகளில் அழைத்தவர் யார் என்பதை அறிய வழியில்லை. கைபேசித் திரை அழைத்தவரின் பெயரையும் நேரத்தையும் பதிந்து வைத்தது. 2003இல் வெளிவந்த நோக்கியா 1100 போன்ற, தூசி புகாத விசைப்பலகையும் கைவிளக்கும் கொண்ட மலிவான கருவிகளிலும் இவ்வசதி இருந்தது. அதே நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கி, இத்தகைய எளிய கருவிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. அழைப்பு ஏற்கப்பட்டது என்னும் குறிப்பு வலையமைப்புக்குக் கிடைத்த பின்னரே கட்டணக் கணக்குத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில நொடிகளில், பெயர் ஒன்றை மட்டும் செலவின்றி எதிர்முனைக்கு அனுப்பிவிட முடிந்தது.

இந்தப் புழக்கம் சொல்லின் இலக்கணத்தையே மாற்றியது. ‘தவறவிட்ட அழைப்பு’ என்பது ஆங்கில மூலத்தில் பெறுநருக்கு நேர்வது. எடுக்கத் தவறியவர் அவரே. தமிழிலோ மிஸ்டு கால் ‘கொடுக்க’ப்படுகிறது, இந்தியில் ‘மார்னா’ என்றும் ‘தேனா’ என்றும் வினை சேர்கிறது. பெறுநரின் தவறு அழைப்பவரின் செயலாக மாறிவிட்டது. அதன் பொருளை முன்கூட்டிய உடன்பாடு தீர்மானித்தது. ‘வந்து சேர்ந்துவிட்டேன்’, ‘வாசலில் நிற்கிறேன்’, ‘திரும்ப அழை’ ஆகிய மூன்றையும் ஒரே ஒலி சுட்ட முடிந்தது. யார் கொடுப்பது, யார் திரும்ப அழைப்பது என்பதிலும் ஒழுங்கு இருந்தது. மகன் கொடுப்பான், தந்தை அழைப்பார். தொழிலாளி கொடுப்பார், முதலாளி அழைப்பார். ருவாண்டாவில் இதே வழக்கத்தை ஆராய்ந்த ஜோனதன் டோனர், வசதி மிக்கவரே செலவை ஏற்கிறார் என்னும் விதியை 2007இல் எடுத்துக்காட்டினார். வெவ்வேறு நாடுகளில் ஒத்த விலையமைப்பு ஒத்த மரபுகளைத் தோற்றுவித்திருப்பது கவனத்திற்குரியது.

விரைவில் நிறுவனங்கள் இம்மரபைக் கற்றுக்கொண்டன. மிஸ்டு காலை வணிகச் சேவையாக்கிய ஜிப்டயல் 2010இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 2015இல் அதை ட்விட்டர் வாங்கியது. 2013இல் இந்துஸ்தான் யூனிலீவர், மின்சாரமும் தொலைக்காட்சியும் போதிய அளவு எட்டாத பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் ‘கான் கஜூரா டேசன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மிஸ்டு கால் கொடுத்தவரை நிறுவனம் திரும்ப அழைத்துப் பாடல்களையும் நகைச்சுவையையும் இடையிடையே விளம்பரங்களையும் ஒலிபரப்பியது. வங்கிகளும் அரசியல் கட்சிகளும் இதே வழியைப் பின்பற்றின. உறவினரிடையே பெயரை மட்டும் சுமந்து சென்ற குறி, இப்போது தொலைபேசி எண்களைத் திரட்டும் கருவியாயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ பேச்சை இலவசமாக்கியதும் இவ்வழக்கம் மறையத் தொடங்கியதாகக் கருதுவது எளிது. ஆனால் 2019இல் அந்நிறுவனமே, தன் வலையமைப்புக்கு நாள்தோறும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால்கள் வருவதாக அறிவித்தது. அவற்றுக்குத் தன் சந்தாதாரர்கள் திரும்ப அழைக்கும்போது, ஒவ்வொரு நிமிடத்திற்கும் 6 பைசா போட்டி நிறுவனங்களுக்குச் செல்வதே அதன் குறை. அதே ஆண்டில் அது மணி ஒலிக்கும் நேரத்தைக் குறைத்தது. அழைப்புகளைச் செயற்கையாக மிஸ்டு கால் ஆக்கி, எதிர்த்தரப்பைத் திரும்ப அழைக்கச் செய்யும் உத்தி அது என்று போட்டியாளர்கள் குற்றம் சாட்டினர். 2019 நவம்பரில் ஆணையம் கைபேசிக்கு 30 நொடி, கம்பிவழித் தொலைபேசிக்கு 60 நொடி என மணியொலிக்கும் நேரத்தை வரையறுத்தது. ஏழையின் சிக்கன உத்தி அரசு ஆவணங்களில் இடம்பெற்றது, பெருநிறுவனங்களின் வழக்காக மாறிய பின்னரே.

இதற்கு ஓராண்டு முன்னர், 2018இன் இறுதியில், முன்னணி நிறுவனங்கள் சில 28 நாட்களுக்கு 35 ரூபாய் என்னும் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்திருந்தன. அதைச் செலுத்தாதவர், உரிய அவகாசத்திற்குப் பின், வரும் அழைப்புகளையும் இழக்க நேர்ந்தது. பேசும் நிமிடத்தின் விலை ஏறத்தாழ இல்லாமற்போன அதே காலத்தில், பேசாமலே தொடர்பில் இருப்பதற்கு விலை விதிக்கப்பட்டது. 2003இல் திறந்த வாயில் இவ்வாறு ஓரளவு மூடப்பட்டது. மலிவான நிமிடங்களை மட்டும் எண்ணும் வரலாறு இம்மாற்றத்தை வளர்ச்சி என்றே பதிவுசெய்யும். 35 ரூபாயைப் பெரிதாக உணர்ந்தவர்களின் அனுபவத்தை அறிய, கட்டணக் கணக்கிற்கு வெளியே, குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளில்தான் சான்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தலைமுறை இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.