ஏட்டுச் சட்டமும் தோலுறையும்

எழுத்து நிலைபெறுதற்கு எழுதுவோரின் அறிவு மட்டும் அமையாது. எழுத்தைத் தாங்கும் ஏடும், அதனைப் பொறிக்குங் கருவியும், இரண்டையும் காக்கும் உறையும் ஒருங்கே வேண்டும். புலவரைப் போற்றும் வரலாறு, அவருக்கு ஓலை வாரியவரையும், கடதாசி தைத்தவரையும், தோல் பதனிட்டவரையும் பெரும்பாலும் நினைப்பதில்லை. நல்ல கொப்பியொன்றைத் தேர்ந்து, அதற்குத் தோலுறையிட்டு, ஊற்றுப்பேனையால் எழுதி மகிழ்வோரின் விருப்பத்தை வீண் ஆடம்பரம் எனத் தள்ளுவாரும் உளர். ஆயின் அவ்விருப்பத்தின் வேர் பனையோலைக் காலத்திலேயே ஊன்றியதென்பதையும், நூலொன்று வாழ்வதும் மாய்வதும் பலகால் அதனைக் காத்த முறையினாலேயே நேர்வன என்பதையும் வேலணைத் தீவின் வரலாற்றைக் கொண்டே தெளியலாம்.

வேலணைத் தீவு யாழ்ப்பாணப் பட்டினத்தினின்றும் பண்ணைக் கடலாற் பிரிக்கப்பட்டு, பாலத்தால் இணைக்கப்பட்டது. வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பன், ஊர்காவற்றுறை, மண்கும்பான், அல்லைப்பிட்டி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டது. இத்தீவின் துறையாகிய ஊராத்துறையைக் குறிக்கும் பழைய சான்று அயலிலுள்ள நயினாதீவிற் காணப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்குதல் வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவர்க்கும் ஆகுமென்றும், ஏனைய சரக்கேற்றிய கலமாயின் பாதிபாதியென்றும் அது விதிக்கின்றது. வேந்தன் தன் ஆணையைக் கல்லிற் பொறித்தான். குடிகளோ தம் பாட்டையும் வைத்தியத்தையும் சோதிடத்தையும் கணக்கையும் பனையோலையிலே பொறித்தனர். மலையில்லாத் தீவகத்திலே பனைக்குக் குறைவில்லை.

ஓலை ஏடாதற்குப் பல பணிகள் உண்டு. முற்றாததும் மிக இளையதும் அல்லாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கினாலே தேய்த்து மெருகேற்றுவர். பின்னர் ஓரளவாக வாரித் துளையிடுவர். இரு துளையுள் ஒன்றிற் கயிறு செல்லும். மற்றொன்றில் நாராசம் என்னும் கம்பி நிற்கும். மேலும் கீழும் ஏட்டின் அளவுக்கேற்ற மரச்சட்டங்கள் இரண்டு வைத்துக் கயிற்றாற் சுற்றிக் கட்டுவர். இச்சட்டங்கள் ஏடு வளையாமலும் ஓரம் முறியாமலும் காத்தன. இன்று தோலுறை செய்யும் தொழிலை அன்று சட்டம் செய்தது. செல்வர் வீட்டுச் சட்டங்களிலே பூவேலையும் வண்ணமும் உண்டு. எழுத்தாணியும் அவ்வாறே. எளியதாகிய குண்டெழுத்தாணி ஒருபுறமிருக்க, கத்தியும் எழுத்தாணியும் ஒரு பிடியுள் மடங்கும் மடக்கெழுத்தாணியை மடியிற் செருகித் திரிந்தோர் பலர். அதன் பிடி கொம்பினாலும் தந்தத்தினாலும் அமைவதுண்டு. சட்டைப்பையில் ஊற்றுப்பேனையைச் செருகிய பிற்காலத்தாரின் பெருமிதத்துக்கு இவர்கள் முன்னோர் எனலாம்.

எழுதும் முறை வேறு. இடக்கையிலே ஓலை இருக்கும். இடக்கைப் பெருவிரல் எழுத்தாணியைத் தாங்கும். ஓலையே மெல்ல மெல்ல நகரும். கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்குப் புலனாகாது. மஞ்சளும் கோவையிலைச் சாறும் கரியும் பூசித் துடைத்த பின்னரே தோன்றும். அழுத்திப் புள்ளி குத்தின் ஓலை கிழியும் ஆதலால், ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே சென்றனர். அதனாற் படிப்போர்க்கு நேர்ந்த மயக்கம் சிறிதன்று. புள்ளிகள் எங்கும் நிலைபெற்றமை கடதாசியும் அச்சும் செய்த நன்மையாகும்.

கடதாசி இத்தீவுக்கு வந்த வழியை இங்குள்ளார் வழங்குஞ் சொற்களே உணர்த்தும். யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. கடதாசி, பேனை, மேசை, தோம்பு என்பன அவர்கள் மொழியினின்று வந்தனவாகக் கருதப்படுவன. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். எழுதுவோர் இருக்கும் கந்தோரும், எழுதியதை வைக்கும் இலாச்சியும், உறுதி முடிக்கும் நொத்தாரிசும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். கொப்பி ஆங்கிலத்தினின்று வந்தது. மாணவன் ஒருவன் மேசையருகே அமர்ந்து, இலாச்சியைத் திறந்து, கொப்பியையும் பேனையையும் எடுக்கும்போது முந்நூற்றாண்டு ஆட்சி வரலாறு முழுவதும் அவன் நாவிலே நிற்கின்றது. எனினும் பழஞ்சொல் அழிந்துவிடவில்லை. தென்னிலங்கை நகரங்களிற் கடைவைத்த தீவக வணிகர் தடித்த அட்டையிட்ட கடதாசிக் கணக்குப் புத்தகத்தைப் பேரேடு என்றே அழைத்தனர்.

வாய்வழக்கு கடதாசிக்கு ஏறிய காலமும் ஒல்லாந்தர் காலமே. யாழ்ப்பாணத்தாரின் வழமைகளை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு முதலிமார் பன்னிருவர் பார்வைக்கு வைக்கப்பட்டது. தேசவழமை என இன்றும் வழங்கும் சட்டம் அதுவே. ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்குத் தம் நாட்டு நகராகிய லெய்டனின் பெயரை இட்டனர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. 1575இற் பல்கலைக்கழகம் பெற்ற அந்நகர், எல்செவியர் குடும்பத்தாரின் அச்சுக்கூடத்தாற் புகழ்பெற்றது. சட்டைப்பையில் அடங்கும் சிறுநூல்களை ஐரோப்பாவெங்கும் விற்ற நகரின் பெயர், ஓலையும் சட்டமும் வழங்கிய தீவுக்கு வந்தமைந்தது.

19ஆம் நூற்றாண்டிற் கல்விச் சாலைகளும் அச்சுக்கூடங்களும் எழுந்தன. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கிற்று. உதயதாரகை 1841இல் வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மணலிலும் ஓலையிலும் எழுதிய பிள்ளைகள் சிலேட்டுக்கும், பின்னர்க் கொப்பிக்கும் மாறினர். 1884இல் நியூயோர்க்கில் வாட்டர்மன் உரிமம் பெற்ற ஊற்றுப்பேனை, மையைத் தன்னகத்தே தேக்கி, வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்றை உள்ளே விட்டு ஒழுங்காக எழுதும் அமைப்புடையது. மைக்கூட்டில் அடிக்கடி தோய்க்கும் தொல்லை அதனால் ஒழிந்தது. ஆனால் அது கடதாசியைச் சோதிப்பது. பசை ஊட்டாத கடதாசியில் மை நார்வழியே பரந்து எழுத்துச் சிதையும், பின்பக்கத்திலும் ஊறும். பசை ஊட்டி அழுத்தி மெருகேற்றிய தாளில் மை மேற்புறத்தே நின்று உலரும். ஓலைக்குச் சங்கு செய்த வேலையைத் தாளுக்குப் பசையும் உருளையும் செய்கின்றன. நல்ல கொப்பியைத் தடவிப் பார்த்து வாங்குவோன் ஓலை தேர்ந்த முன்னோனின் வழியே நடப்பவன்.

மைக்கும் தோலுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. கடுக்காயின் துவரையும் அன்னபேதியையும் கூட்டிச் செய்த மை தமிழ்நாட்டிற் பழைமையானது. ஊற்றுப்பேனைக்குரிய நீலக்கறுப்பு மையும் அந்நெறியினதே. எழுதும்போது நீலமாய்த் தோன்றி, காற்றுப்பட்டுக் கறுத்து, நீர் பட்டாலும் எளிதில் அழியாது நிற்கும். ஆயினும் புளிப்பு மிகுந்த மை காலப்போக்கிற் கடதாசியை அரிக்கும். அதே துவரே தோலைப் பதனிடுவதும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் முதலிய இடங்களில் ஆவாரம்பட்டையாற் பதனிட்டுக் கடுக்காயால் நிறந்தெளிவித்த தோல் கப்பல் கப்பலாய் இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே மலிவான நூற்கட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது. சில ஆண்டுகளுள் அவ்வுறைகள் செம்பொடியாய் உதிர்ந்தன. இதனை ஆராய இலண்டனில் அமைந்த குழுவின் 1905ஆம் ஆண்டு அறிக்கை, இத்தோல் வேறு பணிகளுக்கு ஏற்றதாயினும் நூலுறைக்கு ஆகாதென்றும், சுமாக்கு இலையாற் பதனிட்ட வெள்ளாட்டுத் தோலே சிறந்ததென்றும் முடிவுகூறிற்று. கண்ணுக்கு இனியதெல்லாம் காலத்தை வெல்வதன்று என்பது இதனாற் பெறப்படும்.

சைவ இல்லங்களிலே தோலுறை உடனே இடம்பெறவில்லை. மான்தோலையும் புலித்தோலையும் தவத்தோர்க்கு உரியனவாக மதித்த மரபே, ஏனைய தோற்பொருளைப் பூசைக்குரிய ஏட்டின் அருகே வைக்கத் தயங்கிற்று. சரசுவதி பூசையில் ஏடும் எழுத்தாணியும் பட்டினாலும் துணியினாலுமே சுற்றி வைக்கப்பட்டன. விவிலியமும் குர்ஆனும் தோற்கட்டிலே போற்றப்பட்ட அயல்வீடுகளின் வழக்கமும், கந்தோர்ப் பேரேடுகளின் பழக்கமும் சேர்ந்தே அத்தயக்கத்தைத் தளர்த்தின. ஆயினும் நோக்கம் ஒன்றே: எழுத்தை வெறுந்தரையில் வையாமை.

அந்நோக்கத்தில் தவறியதன் விளைவு கொடியது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் முறையே 1885, 1887இற் பதிப்பித்தபோது, கைக்கு வந்த ஏடுகளின் நிலையை உருக்கமாகப் பதிப்புரையில் எழுதினார். தொட்டால் ஓரம் உதிர்வனவும், கட்டவிழ்த்தால் முறிவனவுமாகிய அவ்வேடுகள் இன்னொரு தலைமுறைக்குக் காத்திரா என்பதை அவர் கண்டார். கடற்காற்றின் ஈரமும் செல்லும் இராமபாணமும் தீவக ஏடுகளையும் விட்டுவைக்கவில்லை. பழையது சிதையுமுன் புதியதிற் படியெடுத்தலே ஓலைக்கு உயிர். அவ்வழக்கம் நின்ற நாளில் ஏட்டின் சாவு தொடங்கிற்று.

இதற்கு மறுதலையான சான்றைத் தந்தவர் வேலணைத் தீவின் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள். அந்தாம் தெ புரோயென்சா இயற்றிய தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தமிழ் வழங்கும் நாடுகளில் அதன் படியொன்றும் எஞ்சவில்லை. அறியப்பட்ட ஒரே படி வத்திக்கான் நூலகத்திலே கட்டுக்குலையாது இருந்தது. அடிகள் அதனைக் கண்டு, 1966இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். தொலைநாட்டார் பேணிவைத்த ஒரு நூற்கட்டு, தமிழரின் அகராதி வரலாற்றில் ஓர் அதிகாரத்தை மீட்டளித்தது.

எனினும் உறை மட்டும் போதுமென எண்ணுதல் பிழை. 1981இல் மே மாத இறுதியும் யூன் மாதத் தொடக்கமுமாகிய நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. அங்கே நன்கு கட்டப்பட்ட நூலும் கட்டில்லா நூலும் ஒருங்கே சாம்பராயின. 1990இற்குப் பின் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, பெட்டகங்களில் இருந்த ஏடுகளையும் கொப்பிகளையும் எடுத்துச் செல்ல எல்லார்க்கும் இயலவில்லை. ஒரு படி மட்டும் உள்ள நூல், எத்துணைச் சிறந்த உறையிலிருப்பினும், ஆபத்திலேயே இருக்கின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சுவடிகளையும் படிமமாக்கி வருதல் பழைய படியெடுப்பின் புதுவடிவமே.

ஆகவே நல்ல தாளையும், நிலைக்கும் மையையும், தக்க தோலுறையையும் விரும்புதல் குற்றமன்று; அது ஏட்டுச் சட்டத்துக்குப் பூவேலை செய்தாரின் விருப்பமே. ஆயின் சட்டம் செய்தவர் அதனோடு அமைந்துவிடவில்லை. ஏடு தளர்ந்தபோது புதிய ஓலை வாரிப் படியெடுத்தனர். வேலணையில் ஏதேனும் ஒரு வீட்டுப் பரணிலே பாட்டன் எழுதிய வைத்திய ஏடோ, ஆசிரியர் ஒருவரின் குறிப்புக் கொப்பியோ இன்னும் கிடக்கலாம். அதனை இறக்கித் தூசுதட்டி, உலர்ந்த இடத்தில் வைத்து, ஒரு படியெடுத்து இன்னோரிடத்திற் சேர்த்தல், இன்று எழுதக்கற்றார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடன்.